ஒன்றோடொன்று இணைந்த சிமுலேஷன்களை ஒரே கணினியில் சேர்த்து ஓட்டுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: 16 கோர், இரண்டு சேனலில் (ரேமுக்கான தரவுப் பாதை) 64 ஜிபி டிடிஆர்4 ரேம் உள்ள ஒரு கணினி. ஒரு குழாய் அமைப்புக்குள் சூடான வாயு பாய்கிறது. முதலில் வாயுவின் பாய்வு, அதிலிருந்து உலோகத்தின் வெப்பநிலை, அதிலிருந்து தகைவு என்று மூன்று கணக்குகள் சங்கிலியாகப் போகின்றன. இப்படி 40 வடிவங்கள். அவற்றில் சிலவற்றில் சுவர் மெல்லியது, அதனால் சுவர் வளைவதும் பாய்வை மாற்றுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் நாள்கணக்கில் ஆகிறது. நான்கைச் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொன்றும் நான்கு மடங்குக்கும் மேல் மெதுவாகிறது. எங்கே தவறு?

நான்கைச் சேர்த்து ஓட்ட நினைத்தது தவறே இல்லை, சரியான யோசனைதான். ஆனால் நான்கு ரன்களும் தலா நான்கு மடங்குக்கு மேல் நேரம் எடுத்தால், வரிசையாக ஓட்டியிருந்தாலே முன்னதாக முடிந்திருக்கும் என்று அர்த்தம். வேலை கூடியதால் மட்டும் இந்த அளவு மந்தம் வராது. ரன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன, அல்லது ரேம் நிரம்பி வட்டுக்குப் போயிருக்கின்றன. இரண்டையும் சரிசெய்ய முடியும். அதற்கு முன், எத்தனை ரன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோர் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கைப் பார்த்துவிடுவோம். பலரும் கோர் எண்ணிக்கையிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் கோர் கடைசியில் பார்க்க வேண்டியது. ரேமிலிருந்து தரவு எவ்வளவு வேகமாக வருகிறது, யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்ற இரண்டும்தான் முதலில்.

உங்களிடம் இருப்பவை இரண்டு வகை இணைப்புகள். அவற்றை ஒரே மாதிரி நடத்தக்கூடாது. பெரும்பாலான வடிவங்களில் இணைப்பு ஒருவழி: பாய்வு முடிந்த பிறகு வெப்பம், வெப்பம் முடிந்த பிறகு தகைவு, திரும்பிப் போவது கிடையாது. ஒரு வடிவத்துக்குள் மூன்றும் வரிசையாகத்தான் நடக்க வேண்டும், ஆனால் ஒரு வடிவத்துக்கும் இன்னொன்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மெல்லிய சுவர் உள்ள வடிவங்களில் இணைப்பு இருவழி: பாய்வும் கட்டமைப்பும் ஒவ்வொரு காலப்படியிலும் பேசிக்கொண்டே போக வேண்டும், இரண்டு சால்வர்களும் (கணக்கைத் தீர்க்கும் நிரல்கள்) ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். முதல் வகையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் 40-இல் பெரும்பகுதி அதுதான்.

1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதம் இங்கே நேரடியாகப் பொருந்தும். ஒரு கணக்கில் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி கொஞ்சம் இருந்தாலும், எத்தனை கோர் சேர்த்தாலும் அந்தப் பகுதி அப்படியே நிற்கும். உங்கள் சால்வரின் வேலையில் 90% பிரிக்கக்கூடியது, 10% பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொள்வோம். 16 கோரும் ஒரே ரன்னுக்குக் கொடுத்தால் வேகம் 6.4 மடங்குதான் கூடும். 4 கோர் கொடுத்தால் சுமார் 3.1 மடங்கு. ஒற்றைக் கோரில் 10 மணி நேரம் ஆகும் ரன் என்றால், 16 கோரில் ஒவ்வொன்றாக 40 ரன்னை முடிக்க 62.5 மணி நேரம். நான்கு நான்காக, தலா 4 கோரில் ஓட்டினால் சுமார் 32.5 மணி நேரம். அதே கணினி, அதே வேலை, பாதி நேரம். மெஷ்ஷை, அதாவது வடிவத்தைச் சிறு செல்களாகப் பிரித்த வலையைப் படிப்பது, முடிவுகளை எழுதுவது, தரவை மெஷ்ஷிலிருந்து மெஷ்ஷுக்கு மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் அந்தப் பிரியாத 10%-இல்தான் வரும். சங்கிலி நீளமாக இருந்தால் இவை ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் இணைந்த சிமுலேஷன்களில் குறைந்த கோர், நிறைய ரன் என்ற வழி தனி ரன்களில் தருவதைவிட அதிக லாபம் தருகிறது.

இதை எழுதிவிட்டு உடனே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேலே உள்ள கணக்கு, கோர்கள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாது என்று நம்புகிறது. பாய்வுச் சால்வரில் அது உண்மை இல்லை.

பாய்வுச் சால்வர் உள்ளே என்ன செய்கிறது? பெரும்பாலும் சுழியங்கள் நிறைந்த ஒரு பெரிய அணியை எடுத்து, சுழியம் அல்லாத ஒவ்வொரு எண்ணையும் ஒரு வெக்டர் மதிப்போடு பெருக்கிக் கூட்டுகிறது. அந்த எண்ணுக்கு 8 பைட், அது எந்த நெடுவரிசை என்று சொல்லும் குறியீட்டுக்கு 4 பைட். ஆக 12 பைட்டை ரேமிலிருந்து இழுத்து வந்து இரண்டே இரண்டு கணக்குகள்: ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். டிடிஆர்4-3200 ரேம் இரண்டு சேனலில் உச்சமாகத் தரக்கூடியது நொடிக்கு 51.2 ஜிபி. அதை 12-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 850 கோடி கணக்குகள் வருகின்றன. ஆனால் ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 வசதி உள்ள ஒரே ஒரு கோர், 4 கிகாஹெர்ட்ஸில், நொடிக்கு 6,400 கோடி கணக்குகள் போடும் திறன் உள்ளது. அதாவது 16 கோர்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பசியாற்ற அந்த ரேமால் முடியாது! நடைமுறையில் தற்காலிக நினைவகமான கேஷ் கொஞ்சம் உதவும், ஒற்றைக் கோரால் தனியாக முழு வேகத்தையும் இழுக்கவும் முடியாது. அதனால் இரண்டு சேனல் கணினியில் பாய்வுச் சால்வரின் வேகம் நான்கு முதல் எட்டு கோர் வரை ஏறி, அதற்கு மேல் தட்டையாகிவிடுவதைப் பார்க்கலாம். எட்டு சேனல் உள்ள சர்வர் ப்ராசசர்களில், அதே டிடிஆர்4-3200 ரேமோடு, உச்சம் 204.8 ஜிபி. பாய்வு வேலைக்கு அவ்வகை இயந்திரங்கள் விரும்பப்படுவதன் காரணம் கோர் எண்ணிக்கையைவிட இதுதான்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், கண்காணிப்புத் திரையில் 16 கோரும் 100% என்றுதான் காட்டும். தரவுக்காகக் காத்திருக்கும் கோரையும் இயங்குதளம் வேலை செய்யும் கோராகவே எண்ணும். அந்த 100%-ஐ நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை வடிவங்கள் முடிந்தன என்பதை மட்டும் நம்புங்கள்.

சரி, அப்படியானால் நான்கு பாய்வு ரன்களைச் சேர்த்து ஓட்டுவதில் பயன் குறைவுதானே? ஆமாம், நான்கும் பாய்வாகவே இருந்தால். உங்கள் சங்கிலியின் பெரிய அனுகூலம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தகைவுக் கணக்கில் நேரடி சால்வரைப் பயன்படுத்தினால், அது அணியைக் காரணிப்படுத்தும்போது சிறு சிறு அடர்ந்த அணிகளாகப் பிரித்து வேலை செய்கிறது. ரேமிலிருந்து ஒருமுறை கொண்டுவந்த தரவைக் கேஷில் வைத்துக்கொண்டு பலமுறை பயன்படுத்துகிறது. அதற்குத் தேவை கணக்குப் போடும் சக்தி. ரேம் வேகத்தை அது அவ்வளவாக உறிஞ்சாது. பாய்வுச் சால்வர் இதற்கு நேர் எதிர். ஆக முதல் வடிவத்தின் தகைவு ஓடும்போது இரண்டாம், மூன்றாம் வடிவங்களின் பாய்வு ஓடினால், ஒன்று கணக்கிடும் பகுதியையும் மற்றவை ரேம் பாதையையும் எடுத்துக்கொள்ளும், மோதல் குறையும். ஒரே வகை வேலைகளை ஒரே நேரத்தில் குவிப்பதைவிட, வேறு வேறு கட்டத்தில் இருக்கும் சங்கிலிகளைக் கலந்து ஓட்டுவது நல்லது. இந்த ஒரு மாற்றத்துக்கே உங்கள் 40 வடிவங்களுக்கு ஆகும் நேரத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். எனக்கு மிகப் பிடித்த உத்தி இது. தனித்தனி ரன்களில் கிடைக்காத வாய்ப்பு, சங்கிலியாக இருப்பதால் மட்டும் கிடைக்கிறது.

நேரடி சால்வர் ரேம் வேகத்தை உறிஞ்சாது என்றேன், ரேம் அளவை நன்றாகவே விழுங்கும். தோராயக் கணக்கு ஒன்றை மனதில் வைத்திருங்கள்: பாய்வுச் சால்வருக்கு 10 லட்சம் செல்களுக்கு ஒன்று முதல் இரண்டு ஜிபி. நேரடி கட்டமைப்புச் சால்வர் முழுக்க ரேமுக்குள்ளேயே இருக்க வேண்டுமானால் 10 லட்சம் கட்டின்மை அளவுகளுக்குச் (கண்டுபிடிக்க வேண்டிய அறியா மதிப்புகள்) சுமார் 10 ஜிபி. உங்கள் பாய்வு மெஷ் 40 லட்சம் செல், கட்டமைப்பு 10 லட்சம் கட்டின்மை என்று கொண்டால், ஒரு பாய்வுக்கு 8 ஜிபி, ஒரு தகைவுக்கு 10 ஜிபி. நான்கு பாய்வு மட்டும் என்றால் 32 ஜிபி, தாராளமாக அடங்கும். நான்கு சங்கிலிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தகைவுக் கட்டத்துக்கு வந்தால் 40 ஜிபி, இதுவும் அடங்கும். பாய்வை முடித்த சால்வர் நினைவகத்தை விடாமல் பின்னணியில் திறந்தே கிடந்தால்? 72 ஜிபி. அங்கேதான் 64 ஜிபி கணினி வட்டுக்குப் போகிறது. வரைகலை முகப்புள்ள மென்பொருள்களில் இது சர்வசாதாரணம். ஒரு கட்டம் முடிந்ததும் அந்த நிரலை மூடிவிடும்படி ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிடுங்கள். ரேம் நிரம்பி வட்டைத் தொட்ட ரன் பத்து மடங்கு மெதுவானாலும் ஆச்சரியப்பட மாட்டேன். நீங்கள் சொன்ன மந்தத்துக்கு இது ஒரு பலமான சந்தேகப் பேர்வழி.

ரேம் போதாதபோது நேரடி சால்வர் தன் காரணிகளை வேண்டுமென்றே வட்டில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஒரே ஒரு ரன் என்றால் வேகமான என்விஎம்இ வட்டில் அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. இரண்டு ரன் ஒரே வட்டில் அப்படி எழுதிப் படித்தால் இரண்டுமே தவிக்கும். அதனால் என் பரிந்துரை: பாய்வு இரண்டு அல்லது மூன்று ஒரே நேரத்தில் ஓடட்டும், தகைவு எந்த நேரத்திலும் ஒன்றுக்கு மேல் ஓட வேண்டாம்.

இனி அந்த இன்னொரு சந்தேகம்: ரன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருவது. இதில் நானே ஒரு வாரம் இழந்திருக்கிறேன். இரண்டு ரன், தலா 8 கோர், மொத்தம் 16 கோர், கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் 0 முதல் 7 வரையிலான அதே எட்டுக் கோர்களில் கட்டிப்போடப்பட்டிருந்தன, மற்ற எட்டும் சும்மா இருந்தன. காரணம் எளியது. எம்பிஐ (ஒரு கணக்கைப் பல செயல்களாகப் பிரித்து, அவற்றைச் செய்தி அனுப்பிப் பேசவைக்கும் முறை) வழியாகத் தொடங்கும் ரன், தன் துணைச் செயல்களைக் குறிப்பிட்ட கோர்களோடு கட்டிப்போடும் வழக்கம் உண்டு. தனி ரன்னில் அது வேகத்தைக் கூட்டும். ஆனால் ரன்னைத் தொடங்கும் ஒவ்வொரு எம்பிஐரன் கட்டளையும் கணினியில் தான் மட்டுமே இருப்பதாக எண்ணி, கோர் 0-இலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். எந்த எம்பிஐ, எந்தப் பதிப்பு, என்ன அமைப்பு என்பதைப் பொறுத்து இது மாறும், ஆகவே அனுமானிக்காமல் பாருங்கள்: ஒவ்வொரு செயலும் எந்தக் கோரில் ஓடுகிறது என்று எச்டாப் என்ற கண்காணிப்பு நிரலில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துப் பார்க்கலாம். சரிசெய்ய, ஒவ்வொரு ரன்னுக்கும் கோர் பட்டியலை நீங்களே கொடுங்கள். லினக்ஸில் டாஸ்க்செட் அல்லது நியூமாசிடிஎல் கட்டளை, எம்பிஐயின் சொந்த கோர் பட்டியல் விருப்பம், எது கைக்கு வருகிறதோ அது. பட்டியல் தர மனமில்லையென்றால் கட்டிப்போடும் வழக்கத்தையே அணைத்துவிட்டு இயங்குதளத்திடம் விட்டுவிடலாம். உச்ச வேகம் கிடைக்காது, ஆனால் அந்தப் பெரிய விபத்து நடக்காது. இரண்டு சாக்கெட் (அதாவது இரண்டு ப்ராசசர்) உள்ள கணினியாக இருந்தால் ஒரு ரன்னை ஒரு சாக்கெட்டிலும் அதன் ரேமை அதே சாக்கெட்டின் பக்கத்திலும் வையுங்கள். தூரத்து ரேமை எட்டிப்பிடிக்க ஆகும் தாமதம் மிச்சம்.

அதோடு திரெட்களையும், அதாவது ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் கிளைகளையும், கவனியுங்கள். பல கணித நூலகங்கள், யாரும் சொல்லாவிட்டால், கணினியில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை திரெட்களைத் திறந்துவிடும். நான்கு ரன், ஒவ்வொன்றிலும் 16 திரெட் என்றால் 16 கோரில் 64 திரெட் அடித்துக்கொள்ளும். திரெட்களை நடத்தும் ஓப்பன்எம்பிக்குத் திரெட் எண்ணிக்கையைச் சொல்லும் சூழல் மாறியையும், கணித நூலகத்துக்கென்று தனி மாறி இருந்தால் அதையும், ஒவ்வொரு ரன்னின் தொடக்கத்திலும் எழுதிவிடுங்கள். எம்பிஐயில் பிரிந்து ஓடும் சால்வருக்கு 1, திரெட்டில் ஓடும் கட்டமைப்புச் சால்வருக்கு அதற்கு ஒதுக்கிய கோர் எண்ணிக்கை. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங்கால் தெரியும் 32 என்ற எண்ணைக் கோராக எண்ண வேண்டாம். இவ்வகை வேலைக்கு இயற்பியல் கோர்தான் கணக்கு. சில கணினிகளில் 0-உம் 1-உம் ஒரே கோரின் இரு முகங்கள், சிலவற்றில் 0-உம் 16-உம். எல்எஸ்சிபியு கட்டளை அதைத் தெளிவாகக் காட்டும்.

கோப்புறைகளைப் பற்றி இரண்டே வரி. ஒவ்வொரு ரன்னுக்கும் தனிக் கோப்புறை, தற்காலிகக் கோப்புகளுக்கும் தனி இடம். சில சால்வர்கள் பெயர் கொடுக்காவிட்டால் எல்லா ரன்னுக்கும் ஒரே பெயரில் கோப்பு எழுதும், ஒன்று மற்றதை அழிப்பதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

சங்கிலியை யார் நடத்துவது? பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. குனூ மேக் போதும். நிரல் தொகுக்க மட்டுமே அதைப் பயன்படுத்துபவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம், ஆனால் எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று சொன்னால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். தகைவு முடிவு வெப்பநிலைக் கோப்பைச் சார்ந்தது, வெப்பநிலை பாய்வு முடிவைச் சார்ந்தது, பாய்வு மெஷ்ஷைச் சார்ந்தது என்று மூன்று விதிகள் எழுதி, ஒரே நேரத்தில் மூன்று வேலை என்று சொல்லித் தொடங்கினால், எது தயாராக இருக்கிறதோ அதை எடுத்து ஓட்டும். முன்பு சொன்ன கலந்து ஓட்டும் உத்தி கிட்டத்தட்டத் தானாகவே வந்துவிடும். தகைவு ஒன்று மட்டுமே ஓட வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு, அந்த விதிக்குள் ஃப்ளாக் கட்டளையால் ஒரு பூட்டுப் போடுங்கள். கட்டண மென்பொருளில் ஒரு லைசென்ஸ்தான் இருக்கிறது என்றாலும் இதே பூட்டு வேலை செய்யும். லைசென்ஸ் கிடைக்காமல் ரன் தோற்பதற்குப் பதில் காத்திருக்கும். வேலைகளைச் சேர்ப்பதற்கு முன், உங்கள் லைசென்ஸ் ஒரே நேரத்தில் எத்தனை சால்வர், மொத்தம் எத்தனை கோர் அனுமதிக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பூட்டுக்காகக் காத்திருக்கும் வேலையும் மேக் கணக்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, இணை எண்ணிக்கையை ஒன்று கூட்டிக் கொடுத்துப் பாருங்கள்.

மேக்கில் ஒரு பொறி உண்டு. சால்வர் பாதியில் செத்தாலும் முடிவுக் கோப்பு அங்கே இருக்கும். மேக் அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று எண்ணிவிடும். ஆகவே முடிவுக் கோப்பையே அடையாளமாக வைக்காதீர்கள். சால்வர் முடிந்ததும் எச்சங்கள் (சமன்பாடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பிழை) போதிய அளவு இறங்கினவா என்று லாக் கோப்பில் பார்க்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அது சரியென்றால் மட்டும் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கட்டும். அடுத்த கண்ணி அந்த வெற்றுக் கோப்பைச் சார்ந்திருக்கட்டும். குவியாத பாய்விலிருந்து எடுத்த வெப்பநிலையை நம்பித் தகைவு கணக்கிட்டு, அழகான வண்ணப் படம் எடுத்து, அதைவைத்து ஒரு முடிவெடுப்பதைவிட மோசமான விளைவு இந்த வேலையில் இல்லை. 40 ரன்களைத் தானாக ஓட்டும்போது அது யார் கண்ணிலும் படாமல் நடக்கும்.

இடையில் தரவு மாற்றும் இடத்திலும் ஒரு சோதனை வையுங்கள். பாய்வு மெஷ்ஷும் உலோக மெஷ்ஷும் வேறு வேறு. வெப்பநிலை போன்றவற்றை அருகிலுள்ள மதிப்புகளைக்கொண்டு இடைக்கணித்தால் போதும், ஆனால் வெப்ப ஓட்டம், விசை போன்றவற்றில் இரு பக்கமும் மொத்தம் பொருந்த வேண்டும். மாற்றிய பின் இரு பக்கத்து மொத்த வெப்பத்தையும் கூட்டிப் பார்ப்பது ஒரு நொடி வேலை.

இப்போது மெல்லிய சுவர் வடிவங்களுக்கு வருகிறேன். இங்கே கட்டணமில்லாத வழியில் பாய்வுக்கு ஓப்பன்ஃபோம், கட்டமைப்புக்குக் கால்குலிக்ஸ் என்ற இரண்டு சால்வர்களையும் ப்ரீசைஸ் என்ற இணைப்பு நூலகத்தால் கோக்கலாம். கட்டண மென்பொருள்களுக்கு அவற்றின் சொந்த இணைப்பு நிரல்கள் உண்டு. எதுவானாலும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒரு காலப்படிக்கு ஒருமுறை மட்டும் தரவு மாற்றிக்கொண்டு முன்னே போவதா, அல்லது இரு பக்கமும் ஒத்துப்போகும்வரை அதே காலப்படியில் திரும்பத் திரும்பச் சுற்றுவதா. வாயுவும் கனமான உலோகமும் என்றால் முதல் வழியே பல நேரம் போதும். பாய்மத்தின் அடர்த்தி கட்டமைப்பின் அடர்த்திக்கு அருகில் வந்தால், உதாரணமாக நீரும் மெல்லிய நெகிழ்வான சுவரும், முதல் வழியில் எண்கள் கட்டுமீறி வெடித்துவிடும். காலப்படியைக் குறைத்தாலும் தப்பாது, இன்னும் மோசமாகலாம். அங்கே சுற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் வெறுமனே சுற்றாமல், விரைவில் ஒத்துப்போக வைக்கும் ஐட்கென் தளர்வு அல்லது குவாசி-நியூட்டன் முறையோடு.

இரண்டாவது தேர்வுதான் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது: இரு சால்வர்களும் மாறி மாறி ஓடுவதா, சேர்ந்து ஓடுவதா. ஒரு சுற்றில் பாய்வு 12 கோரில் 40 நொடி, கட்டமைப்பு 4 கோரில் 10 நொடி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாறி மாறி ஓடினால் ஒரு சுற்று 50 நொடி. அதில் கட்டமைப்பின் நான்கு கோர்கள் 40 நொடி சும்மா இருக்கின்றன, பாய்வின் 12 கோர்கள் 10 நொடி சும்மா இருக்கின்றன. சேர்ந்து ஓடினால் ஒரு சுற்று 40 நொடிதான், ஆனால் ஒவ்வொருவரும் மற்றவரின் பழைய தரவை வைத்துக் கணக்கிடுவதால் ஒத்துப்போவதற்குக் கூடுதல் சுற்றுகள் தேவைப்படலாம். நல்ல குவாசி-நியூட்டன் முறை இருந்தால் அந்தக் கூடுதல் சிறியது. இல்லாவிட்டால் 20% மிச்சப்படுத்தப் போய் அதைவிட அதிகம் இழப்பீர்கள்.

ஒரே கணினியில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். மாறி மாறி ஓடும் இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோர்களைப் பிரிக்காதீர்கள். ஒரே கோர்களை இரு சால்வர்களும் பகிரட்டும். ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கிறது, அதனால் மோதல் இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. எம்பிஐயில் காத்திருக்கும் செயல் பெரும்பாலும் தூங்குவதில்லை. செய்தி வந்ததா, வந்ததா என்று இடைவிடாமல் எட்டிப்பார்த்துக்கொண்டே கோரை முழுதாகப் பிடித்து வைத்திருக்கும். அப்படிச் செய்தால் ஓடும் சால்வருக்குப் பாதி கோர்தான் கிடைக்கும். ஓப்பன் எம்பிஐயில், சும்மா இருக்கும்போது கோரை விட்டுக்கொடு என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள். கால்குலிக்ஸைப்போலத் திரெட்டில் ஓடும் சால்வருக்கும் இதே கேள்வி வரும், ஏனென்றால் சில திரெட் நூலகங்களும் வேலை முடிந்தபின் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஓப்பன்எம்பியில் காத்திருக்கும் முறையைச் செயலற்றதாக மாற்றும் சூழல் மாறி அதற்குத்தான். இவை சரியானதும், இரண்டு இணைந்த ஜோடிகளை ஒரே 16 கோரில் ஓட்டலாம். ஒரு ஜோடியின் கட்டமைப்பு ஓடும் நேரத்தில் இன்னொன்றின் பாய்வு இடைவெளியை நிரப்பும்.

இரண்டு ஜோடிகள் ஓடும்போது அவை ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடாது. ப்ரீசைஸில் இரு சால்வர்களும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஒரு பகிர்வுக் கோப்புறையில் முகவரியை எழுதிவைக்கும். இரு ஜோடிகளுக்கும் அந்த இடம் ஒன்றாக இருந்தால் முதல் ஜோடியின் பாய்வு இரண்டாம் ஜோடியின் கட்டமைப்போடு பேச முயலும். முந்தைய ரன் செத்தபோது விட்டுச்சென்ற பழைய முகவரி அங்கே கிடந்தாலும் புதிய ரன் தொடங்காமல் தொங்கும். ஆகவே ஜோடிக்கு ஒரு கோப்புறை, தொடங்கும் முன் பழைய முகவரிக் கோப்புறையை அழிப்பது, இரண்டும் கட்டாயம். கட்டண மென்பொருள்களில் இதே பிரச்சினை போர்ட் எண் வடிவில் வரும்.

ஜோடியில் ஒருவர் செத்தால் மற்றவர் காலம் முழுக்கக் காத்திருப்பார் என்பது இன்னொரு வேதனை. ரேம் தீர்ந்தால் லினக்ஸ் கர்னல் பெரிய செயல் ஒன்றைத் தேர்ந்து கொன்றுவிடும். அது உங்கள் கட்டமைப்புச் சால்வராக இருந்தால், பாய்வுச் சால்வர் இரவு முழுக்க 100% காட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்கும். ஜோடியைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதற்காகக் காத்திருந்து, அது பிழையோடு முடிந்தால் மற்றதையும் நிறுத்தட்டும். பாஷில் இதற்கு ஐந்தாறு வரிகள் போதும். சில காலப்படிகளுக்கு ஒருமுறை இரு பக்கமும் ஒரே நேரப்புள்ளியில் நிலையைச் சேமிக்கும்படி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சேமித்திருந்தால் மீண்டும் தொடங்க அது உதவாது.

வால்வு, கட்டுப்பாட்டு அமைப்பு போன்ற சிறு மாதிரிகளும் சங்கிலியில் சேர்ந்தால், மாதிரிகளை மென்பொருள்களுக்கிடையே பரிமாறிக்கொள்ள உதவும் எஃப்எம்ஐ தரநிலையைப் பாருங்கள். 2010-இல் முதல் பதிப்பு, 2014-இல் இரண்டாவது, 2022-இல் மூன்றாவது. மாதிரியை ஒரே பொட்டலமாகக் கட்டி, அந்தத் தரநிலையை ஏற்கும் எந்த மென்பொருளிலும் ஓட்டலாம். அவை பெரும்பாலும் ஒற்றைக் கோரில் ஓடும் இலகுவான வேலைகள், அவற்றுக்காகக் கோர் ஒதுக்கிக் கவலைப்பட வேண்டாம்.

கிராபிக்ஸ் அட்டை இருந்தால், இரண்டு சால்வர்கள் அதன் நினைவகத்தில் சேர்ந்து அடங்குமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அடங்காது. வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்த ப்ராசசராக இருந்தால், எம்பிஐ ரன்னை இரண்டு வகையிலும் பரப்ப வேண்டாம். வேலை சமமாகப் பிரிக்கப்படுவதால் மெதுவான கோருக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். பாய்வை வேகமான கோர்களுக்கு மட்டும் கொடுத்து, மெஷ் உருவாக்கம், முடிவுகளைப் படமாக்குவது போன்றவற்றை மற்றவற்றில் விடுங்கள்.

உங்கள் கணினிக்கு என் தொடக்கப் பரிந்துரை: மூன்று பாய்வு, தலா 4 கோர், கோர் 0 முதல் 11 வரை, ஒரு தகைவு, 12 முதல் 15 வரை. ரேம் 34 ஜிபி அளவில் நிற்கும், மூச்சுவிட இடம் இருக்கும். அதற்கு முன் அரை நாள் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே பாய்வை 200 சுற்றுகளுக்கு மட்டும் 4 கோரில் தனியாக ஓட்டி நேரம் குறியுங்கள். அப்புறம் அதே ரன்னின் இரண்டு பிரதிகள், மூன்று பிரதிகள், நான்கு பிரதிகள். ஒரு பிரதிக்கு 100 நொடி, மூன்று பிரதிகளில் தலா 150 நொடி என்றால், மணிக்கு முடியும் வேலை இரட்டிப்பாகியிருக்கிறது, நல்லது. நான்கில் தலா 200 நொடி என்றால் நான்காவதால் ஒரு பயனும் இல்லை, ரேம் பாதை நிரம்பிவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தி, மீதிக் கோர்களைத் தகைவுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, 40-ஐயும் ஓடவிடும் முன் ஒரு வடிவத்தின் முழுச் சங்கிலியையும் தனியாக ஒருமுறையும், மற்ற ரன்களோடு சேர்த்து வேறு கோர் எண்ணிக்கையில் ஒருமுறையும் ஓட்டி, உச்சத் தகைவை ஒப்பிடுங்கள். மெஷ்ஷைப் பிரிக்கும் விதம் மாறினால் கூட்டும் வரிசை மாறும், அதனால் ஆறாவது ஏழாவது இலக்கத்தில் வேறுபாடு வருவது இயல்பு. மூன்றாவது இலக்கத்திலேயே வேறுபாடு தெரிந்தால், பாய்வு போதிய அளவு குவியாமலேயே நின்றிருக்கிறது, அல்லது இரு ரன்கள் எங்கோ ஒரு கோப்பைப் பகிர்கின்றன. அது எது என்று கண்டுபிடிக்கும்வரை மற்ற 39-ஐத் தொடங்காதீர்கள்.